34 வயதில் ஜூனியர் டாக்டர்: தாமதமாகிவிட்டதா?

வந்த கேள்வி இதுதான்: "வேறு வேலையில் சில வருடங்கள் இருந்துவிட்டு 28 வயதில் மருத்துவப் படிப்பில் சேர்ந்தேன். இப்போது 34. பயிற்சி வருடம் முடியப் போகிறது. ஒரு துறையில் சேர்ந்து முழு ஸ்பெஷலிஸ்ட்டாக வெளியே வரும்போது 42, 43 ஆகிவிடும். கூடப் படித்தவர்கள் எல்லாம் என்னைவிடப் பத்து வயது சின்னவர்கள். நாளைக்கு அவர்களில் ஒருவரே எனக்கு மேலே வந்து உட்காரலாம். மருத்துவமனையில் மேலே ஏற வயது தடையா? எந்தத் துறையை எடுப்பது?"

நான் மயக்க மருந்துத் துறையில் படித்து, பிறகு ஐசியு பக்கம் வந்தவன். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பயிற்சி மருத்துவர்களைத் தேர்வு செய்யும் நேர்காணலில் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் இரண்டு வருடம் வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வந்தவன் என்பதால், உங்கள் கவலை எனக்குக் கொஞ்சம் பழக்கமானதுதான்.

முதலில் கணக்கு. தாமதம் என்கிறீர்கள், எதோடு ஒப்பிட்டு? தாளில் இருக்கும் வழித்தடத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் பள்ளிக்குப் பிறகு நான்கு வருடம் கல்லூரி, நான்கு வருடம் மருத்துவம், அதற்குப் பிறகு ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி. பொது மருத்துவம், குழந்தை மருத்துவம் என்றால் 3 வருடம். பொது அறுவை சிகிச்சை 5. நரம்பியல் அறுவை சிகிச்சை 7. இதய மருத்துவராக வேண்டுமென்றால் பொது மருத்துவம் 3, அதன் மேல் ஃபெல்லோஷிப் என்ற உட்பிரிவுப் பயிற்சி இன்னொரு 3. ஒரு நாள்கூட வீணாக்காமல் ஓடினாலும் 29-லிருந்து 33 வயது. பிரிட்டனில் மருத்துவம் 5 அல்லது 6 வருடம், ஃபவுண்டேஷன் என்ற அடிப்படைப் பயிற்சி 2 வருடம், அதன் பிறகு குடும்ப மருத்துவம் என்றால் 3, மற்றத் துறைகள் பெரும்பாலும் 5 முதல் 8. ஜெர்மனியில் 6 வருடப் படிப்பு, ஃபாகார்ட்ஸ்ட் என்ற ஸ்பெஷலிஸ்ட் தகுதிக்கு இன்னும் 5 அல்லது 6. இந்தியாவில் எம்.பி.பி.எஸ். ஐந்தரை, எம்.டி. அல்லது எம்.எஸ். 3, அதற்கும் மேல் டி.எம். அல்லது எம்.சி.எச். 3. எந்த நாட்டுக் கணக்கைப் போட்டாலும், தடுக்கி விழாமல் ஓடியவருக்கே முப்பதை ஒட்டித்தான் ஏணி முடிகிறது.

தடுக்கி விழாதவர் யார்? நுழைவுத் தேர்வை இரண்டாவது, மூன்றாவது தடவை எழுதுகிறவர்கள், ஆராய்ச்சிக்கு என்று இரண்டு வருடம் ஒதுங்குகிறவர்கள், பிரசவத்துக்காக நிறுத்துகிறவர்கள், துறையைப் பிடிக்காமல் மாற்றிக்கொள்கிறவர்கள். என்னோடு பயிற்சி முடித்தவர்களில் தாளில் சொன்ன வயதில் முடித்தவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. ஜெர்மனியில் 20 சதவீத இடங்கள் காத்திருப்பு வரிசைக்கு என்று ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்டிருந்தன. மதிப்பெண் போதாதவர்கள் ஏழு வருடம்வரை காத்திருந்து உள்ளே வந்தார்கள். 2017-ல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் கேள்வி எழுப்பிய பிறகுதான் அந்த முறை கைவிடப்பட்டது. இந்தியாவில் நீட் தேர்வுக்கு இருந்த மேல் வயது வரம்பு 2022-ல் நீக்கப்பட்டது. அதனால் 34-ல் பயிற்சி மருத்துவராக இருப்பது விசித்திரமான காட்சி ஒன்றும் இல்லை. நீங்கள் சொல்லும் பத்து வருடத்தில் ஐந்தாறு வருடம் நடைமுறையிலேயே கரைந்துவிடும்.

'ஜூனியர்' என்ற சொல்லே இதில் நிறையக் குழப்பம் செய்கிறது. பிரிட்டனில் ஐந்து வருடப் படிப்பு முடித்து, பத்து வருடம் வார்டில் உழைத்து, தனியாக அறுவை சிகிச்சை செய்கிற 38 வயதுக்காரரும் அண்மைக் காலம்வரை ஜூனியர் டாக்டர்தான். நோயாளியின் சொந்தக்காரர்கள் "பெரிய டாக்டர் எப்போது வருவார்?" என்று அவரிடமே கேட்பார்கள். 2024 செப்டம்பரில் அங்கே மருத்துவர் சங்கம் அந்தச் சொல்லைக் கைவிட்டு 'ரெசிடென்ட் டாக்டர்' என்று மாற்றிக்கொண்டது. அதிலும் ஒரு வேடிக்கை. ரெசிடென்ட் என்றால் அங்கேயே குடியிருப்பவர். 1889-ல் திறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் தொடங்கிவைத்த முறையில் பயிற்சி அறுவை மருத்துவர்கள் மருத்துவமனைக்குள்ளேயேதான் தங்கினார்கள். கல்யாணம், குடும்பம் என்று வெளியே எதுவும் இருக்கக் கூடாது என்பது எழுதாத விதி.

ஹால்ஸ்டெட்டின் முறையில் இன்னொரு விஷயம் இருந்தது, அது உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறது. அது ஒரு பிரமிடு. கீழே பலர், மேலே போகப் போகச் சிலர், உச்சியில் ஒரே ஒருவர். எத்தனை வருடத்தில் முடியும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தலைவர் போதும் என்று சொல்லும்வரை. நடுவில் கழற்றிவிடப்பட்டவர்கள் வேறு ஊர், வேறு வேலை பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். 1930-களின் கடைசியில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் எட்வர்ட் சர்ச்சில் இதை மாற்றி, சேர்ந்தவர்கள் பெரும்பாலும் முடித்துவிட்டே போகும்படி ஒரு செவ்வக முறையைக் கொண்டுவந்தார். இன்றைய பயிற்சித் திட்டங்கள் பெரும்பாலும் அந்தச் செவ்வகத்தின் வாரிசுகள். ஆனால் பிரமிடு முழுக்கப் போய்விடவில்லை, சில இடங்களில் ஒளிந்திருக்கிறது.

அதாவது ஏணியில் இரண்டு வகைப் படிகள் இருக்கின்றன. ஒன்று, நாள் போனால் தானாக ஏறும் படி: முதல் வருட ரெசிடென்ட், இரண்டாம் வருடம், மூன்றாம் வருடம். இன்னொன்று, காலி இடம் இருந்தால் மட்டுமே ஏற முடிகிற படி: பட்டமேற்படிப்பு நுழைவு, ஃபெல்லோஷிப், கன்சல்டன்ட் (பயிற்சி முடித்துத் தனிப் பொறுப்பில் இருக்கும் ஸ்பெஷலிஸ்ட்) பணியிடம், துறைத் தலைவர். முதல் வகையில் வயது யாருக்கும் கண்ணில் படாது. இரண்டாம் வகையில்தான் கூட்டம், நெரிசல், போட்டி. 2007-ல் பிரிட்டனில் பயிற்சி இடங்களுக்கு ஒரே கணினி விண்ணப்ப முறையைக் கொண்டுவந்தபோது, இடங்களைவிட விண்ணப்பதாரர்கள் மிக அதிகம், முறையும் ஓட்டை. மருத்துவர்கள் தெருவுக்கு வந்து ஊர்வலம் போனார்கள். அந்த ஆண்டு வாசலில் நின்ற 26 வயதுக்காரருக்கும் 36 வயதுக்காரருக்கும் ஒரே அடிதான் விழுந்தது. நெரிசலுக்கு வயது தெரியாது.

இந்திய மத்திய அரசு மருத்துவர்களுக்கு 2008-ல் ஒரு ஏற்பாடு வந்தது. காலி இடம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல், 4 வருடம், பிறகு 5, பிறகு 4, பிறகு 7 என்று மொத்தம் 20 வருடத்தில் நான்கு உயர்வுகள். இரண்டாம் வகைப் படியை முதல் வகையாக மாற்றும் முயற்சி அது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உங்களைப் போல் தாமதமாக வருகிறவர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்படிப்பட்ட இடங்களில் எண்ணிக்கை தொடங்குவது பணியில் சேர்ந்த நாளிலிருந்து. 45-ல் சேர்ந்தால் கடைசி உயர்வு 65-ல். ஓய்வு வயதும் அங்கே அதுதான்!

சரி, சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்காவில் 1967-லிருந்தே 40 வயதைத் தாண்டியவர்களை வேலையில் வயதைக் காட்டி ஒதுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. பிரிட்டனில் 2006-லிருந்து விதிகள், இப்போது 2010-ன் சமத்துவச் சட்டம். நேர்காணலில் யாரும் "உங்களுக்கு இந்த வயதில் இது தேவையா?" என்று கேட்க முடியாது. கேட்கவும் மாட்டார்கள். ஆனால் மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து உண்மையைச் சொல்கிறேன்: மனதில் இரண்டு கேள்விகள் ஓடும். இவர் நைட் டியூட்டி தாங்குவாரா? தன்னைவிடச் சின்னவர் சொன்னால் கேட்டுக்கொள்வாரா? முதல் கேள்வியைவிட இரண்டாவதுதான் பலருக்குப் பெரிது.

அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 44 வயதில் எங்கள் ஐசியுவுக்குப் பயிற்சிக்கு வந்தார் ஒருவர். முன்பு கப்பலில் இன்ஜினியராக இருந்தவர். அவருக்கு மேலே இருந்த மருத்துவருக்கு 33 வயது. ஒரு நாள் இரவு இரண்டே முக்காலுக்கு அந்த அம்மாவுக்குப் போன் வந்திருக்கிறது. "டாக்டர், மூன்றாம் படுக்கைக்கு ஆக்சிஜன் 88-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. ட்யூப் மூச்சுக்குழாயில்தான் இருக்கிறது, கார்பன் டை ஆக்சைடு கோடு நன்றாக வருகிறது. சளி உறிஞ்சிப் பார்த்தேன். எனக்குப் பிடிபடவில்லை. வந்து பாருங்கள்." அந்த அம்மா வந்து, முதலில் மானிட்டரைப் பார்க்காமல் நோயாளியின் உதட்டோரத்தைப் பார்த்தார். ட்யூபில் 22 என்று இருக்க வேண்டிய இடத்தில் 26 இருந்தது. நோயாளியைத் திருப்பிப் படுக்கவைத்தபோது உள்ளே நழுவி, வலது நுரையீரலுக்குப் போகும் கிளைக்குள் இறங்கியிருக்கிறது. இடது பக்கத்தில் காற்றே இல்லை. பிளாஸ்திரியை எடுத்து, மெதுவாக வெளியே இழுத்து, ஸ்டெதாஸ்கோப்பை இடது மார்பில் வைத்து, "இப்போது கேளுங்கள்" என்று அவர் காதில் மாட்டினார். நான்கு நிமிடம்.

மறுநாள் காலை ரவுண்ட்ஸில் அவரே அதை எல்லோர் முன்னாலும் சொன்னார்: "ஆழத்தைப் பார்க்க விட்டுவிட்டேன்." அந்த அம்மா ரவுண்ட்ஸில் அவரை 'டாக்டர்' என்பார், ரவுண்ட்ஸ் முடிந்து வராண்டாவுக்கு வந்ததும் 'அண்ணா' என்பார். இரண்டுக்கும் நடுவில் யாருக்கும் எந்தச் சங்கடமும் இல்லை. எனக்குத் தெரிந்து அவர் அந்த மூன்று வருடத்தில் போனை எடுக்கத் தயங்கிய இரவே கிடையாது. இயந்திர அறையில் இருந்தவருக்கு அலாரம் அடித்தால் மேலே சொல்ல வேண்டும் என்பது ரத்தத்தில் ஊறியிருந்தது போலும்.

எனக்கு அந்தப் பக்குவம் இருக்கவில்லை. இரண்டு வருட இடைவெளிக்குப் பிறகு 36 வயதில் வேறொரு மருத்துவமனையில் சேர்ந்தேன். என்னைவிட நான்கு வருடம் ஜூனியராகப் படித்தவர் அங்கே எனக்கு சீனியர். நான் போயிருந்த சமயத்தில் சிரிஞ்சு பம்புகள் எல்லாம் புது மாடலுக்கு மாறியிருந்தன. "இதை எப்படி செட் செய்வது?" என்று அவரிடம் கேட்க வாய் வரவில்லை. ஒரு நிமிடத்துக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று போட வேண்டிய எண்ணை, ஒரு மணிக்கு இத்தனை மில்லி என்ற கட்டத்தில் போட்டுவிட்டேன். பட்டனை அழுத்துவதற்குள் பக்கத்தில் இருந்த நர்ஸ் கையைப் பிடித்தார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று மாலை அந்த 'ஜூனியர்' பத்து நிமிடத்தில் பம்பைச் சொல்லிக்கொடுத்தார், அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரிடமும் பேசவே இல்லை. வயதில் சின்னவருக்குக் கீழே இருப்பதில் வரும் ஆபத்து மானப் பிரச்சினை மட்டும் இல்லை, மருந்து அளவுப் பிரச்சினையும்தான்.

இதிலேயே உங்களுக்கு ஆறுதல் தரக்கூடிய ஒரு பழைய கதை. வர்ஜீனியா அப்கார் 1938-லிருந்து நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மயக்க மருந்துப் பிரிவை ஒற்றை ஆளாகக் கட்டி வளர்த்தவர். 1949-ல் அது தனித் துறையாக உயர்ந்தபோது தலைவர் பதவி அவருக்கு வரவில்லை. அவரைவிட ஆறு வயது இளையவரான இமானுவேல் பேப்பர் வந்தார். அப்காருக்கு அப்போது 39. பேராசிரியர் பதவி கிடைத்தது, ஆனால் நாற்காலி போய்விட்டது. அவர் பிரசவ அறைப் பக்கம் திரும்பினார். 1952-ல், 43 வயதில், பிறந்த குழந்தையை ஒரு நிமிடத்தில் ஐந்து அடையாளங்களை வைத்து மதிப்பிடும் 'அப்கார் ஸ்கோரை' உருவாக்கினார். இன்றைக்கு உலகத்தில் எந்தப் பிரசவ அறையிலும் அவர் பெயர் சொல்லப்படுகிறது. பேப்பரும் பெரிய மருத்துவர்தான், நான் குறை சொல்லவில்லை. அப்கார் அங்கேயும் நிற்கவில்லை. 50 வயதில் பொதுச் சுகாதாரத்தில் முதுகலைப் பட்டம் வாங்கி, பிறவிக் குறைபாடுகள் பக்கம் போய்விட்டார்.

இப்போது, பலர் பார்க்கத் தவறும் ஒரு இடத்துக்கு வருகிறேன். மருத்துவமனை ஏணி ஒரே சீரான ஏணி இல்லை. முதல் பன்னிரண்டு, பதினைந்து வருடம் செங்குத்து. அப்புறம் தட்டை. 33-ல் கன்சல்டன்ட் ஆகிறவர் 65-ல் ஓய்வு பெறும்போதும் கன்சல்டன்ட்தான். 32 வருடம் ஒரே படியில். சம்பளம் ஏறும், மரியாதை கூடும், பெயர்ப்பலகை மாறாது. வேறு வேலைகளில் நாற்பதுக்கு மேல்தான் மேலாளர், துணைத் தலைவர் என்று ஏற ஆரம்பிப்பார்கள். இங்கே நாற்பதில் ஏணி முடிந்துவிடுகிறது. 45 வயதில் கன்சல்டன்ட்டுகளுக்கு வரும் ஒரு சலிப்பு இருக்கிறதே, அதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம். மேலே போக வழி இல்லாததால் பக்கவாட்டில் போவார்கள்: கற்பித்தல், ஆராய்ச்சி, நிர்வாகம், சங்க வேலை.

அப்படியென்றால் பத்து வருடம் தாமதமாக வருகிறவர் எதை இழக்கிறார்? செங்குத்தான பகுதியில் ஒரு படியும் குறையாது. எல்லோரும் ஏறும் அதே படிகளை நீங்களும் ஏறியே ஆக வேண்டும். குறைவது தட்டையான பகுதி. 32 வருடத்துக்குப் பதில் உங்களுக்கு 22. அந்த 22 வருடத்தில் ஒரு கன்சல்டன்ட் செய்யக்கூடிய வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும். காசு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானமாகக் கணக்குப் போடுங்கள். பிரிட்டனில் 2003 ஒப்பந்தப்படி கன்சல்டன்ட் சம்பள அளவின் உச்சிக்குப் போக 19 வருடம் ஆனது. 2024-ல் அதை 14-ஆகக் குறைத்தார்கள். 43-ல் ஆரம்பித்தால் 57-ல் உச்சி. ஓய்வூதியம் எங்கேயும் பணிக்காலத்தை வைத்துத்தான் பெருகும், அதில் உங்களுக்கு இழப்பு உண்டு. மறைக்க ஒன்றும் இல்லை. சீனியாரிட்டி பார்த்துத் துறைத் தலைவர் பதவி கொடுக்கும் இடங்களில் அந்த நாற்காலி உங்களுக்கு வராமலே போகலாம். தகுதி பார்த்துக் கொடுக்கும் இடங்களில் வரலாம்.

குடும்பம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஏணியின் செங்குத்தான பகுதியும் குழந்தை பெறும் வயதும் சரியாக ஒன்றன் மேல் ஒன்று விழுகின்றன. பெண் மருத்துவர்கள் கீழே எண்ணிக்கையில் சமமாகவோ அதிகமாகவோ இருந்தும் அறுவை சிகிச்சைத் துறைகளின் உச்சியில் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பகுதி நேரப் பயிற்சிக்கு சில நாடுகளில் வழி இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் வேலை என்றால் பயிற்சி முடியும் தேதி அதற்கேற்பத் தள்ளிப்போகும், அவ்வளவுதான். தாமதமாக வருகிறவர்களில் சிலருக்கு இது தலைகீழ். பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வயதுக்கு வந்திருப்பார்கள். 28 வயது ரெசிடென்ட் கைக்குழந்தையோடு திண்டாடும்போது அவர்கள் நிம்மதியாக நைட் பார்ப்பார்கள்.

உடம்பைப் பற்றிப் பேசாமல் துறையைப் பற்றிப் பேச முடியாது. 42-லிருந்து 45-க்குள் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி தேடுவீர்கள். அறுவை மருத்துவருக்கு அது பெரிய தடை இல்லை, உருப்பெருக்கி இருக்கிறது. கழுத்தும் முதுகும்தான் விஷயம். ஆறு மணி நேரம் குனிந்து நிற்க 30-ல் ஒன்றும் தெரியாது, 50-ல் மறுநாள் தெரியும். விரல் மூட்டுகள் ஒத்துழைக்க மறுத்தால் கதை முடிந்தது: 1967-ல் முதல் மனித இதய மாற்று அறுவை செய்த கிறிஸ்டியான் பர்னார்டு முடக்கு வாதத்தால் 1983-ல் கத்தியைக் கீழே வைத்தார், அவருக்கு 60 வயதுதான் ஆகியிருந்தது.

அப்புறம் தூக்கம். 1984-ல் நியூயார்க்கில் 18 வயது லிபி சியோன் என்ற பெண் மருத்துவமனையில் இறந்த பிறகுதான் களைத்துப்போன ரெசிடென்ட்டுகள் பற்றிப் பொதுவெளியில் பேச்சு வந்தது. அந்த மாநிலம் 1989-ல் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று எல்லை போட்டது. 2003-ல் அது அமெரிக்கா முழுவதற்கும் வந்தது. ஐரோப்பாவில் 2009-லிருந்து 48. தாளில் 80 என்று இருப்பதே எப்பேர்ப்பட்ட எண் என்று யோசித்துப் பாருங்கள். இருபதுகளில் நைட் முடிந்து நாலு மணி நேரம் படுத்தால் போதும். நாற்பதுக்கு மேல் ஒரு நைட் இரண்டு பகலைத் தின்றுவிடும். இதை நான் மட்டும் சொல்லவில்லை, எங்கள் ரோஸ்டரில், அதாவது பணி முறைப் பட்டியலில், இருக்கும் நாற்பது தாண்டிய எல்லோரும் சொல்வார்கள்.

"வயதானால் டாக்டர் திறமை கூடுமா, குறையுமா?" என்பது இதோடு ஒட்டிய கேள்வி. பதில் துறைக்குத் துறை மாறுகிறது. 2017-ல் பிஎம்ஜே இதழில் அமெரிக்க மருத்துவமனை மருத்துவர்களைப் பற்றி யூசுகே ட்சுகாவா குழுவினர் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அனுமதிக்கப்பட்ட முதிய நோயாளிகளில் 30 நாளுக்குள் இறந்தவர்கள், 40-க்குக் கீழ் வயதுள்ள மருத்துவர்களிடம் 10.8 சதவீதம், 60-ஐத் தாண்டிய மருத்துவர்களிடம் 12.1. ஆனால் நிறைய நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்களிடையே இந்த வித்தியாசம் இல்லை. அடுத்த வருடம் அதே குழு அறுவை மருத்துவர்களைப் பார்த்தது. அங்கே நேர்மாறு: 40-க்குக் கீழ் 6.6, 60-க்கு மேல் 6.3. பிரான்சில் 5 மருத்துவமனைகளில் தைராய்டு அறுவை சிகிச்சைகளைப் பார்த்த 2012 ஆய்வு ஒன்று, 35-லிருந்து 50 வயதுவரை உள்ளவர்களின் கைதான் மிகப் பாதுகாப்பானது என்றது. மூன்றையும் சேர்த்து ஒரே வாக்கியமாகச் சொல்ல முடியாது. என் வாசிப்பு இது: கை வேலையில் அனுபவம் நெடுநாள் காக்கிறது, மருந்து வேலையில் படிப்பு பழசாகிவிடுகிறது, தொடர்ந்து நிறைய நோயாளிகளைப் பார்ப்பவர்களுக்கு அந்தப் பழசு ஏறுவதில்லை. வழக்கமாக வயதும் படித்து முடித்த வருடங்களும் சேர்ந்தே ஏறும் என்பதால் எது காரணம் என்று பிரித்துப் பார்ப்பது கடினம். உங்கள் விஷயத்தில் இரண்டும் பிரிந்து நிற்கின்றன. 50-ல் உங்கள் படிப்பு, 40 வயதுக்காரருடைய படிப்பைப் போலப் புதுசாக இருக்கும்.

ஏணியில் ஏறுவதற்கு ஆயிரம் விதி வைத்தவர்கள் இறங்குவதற்கு ஒன்றும் வைக்கவில்லை. ஃபெர்டினாண்ட் சவர்ப்ரூக் பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனையின் ராஜா. மார்பு அறுவை சிகிச்சையின் முன்னோடி. வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற 25 வயதை எட்டாத பயிற்சி மருத்துவர் 1929-ல் தன் கை ரத்தக் குழாய் வழியாகத் தன் இதயத்துக்கே ஒரு குழாயைச் செலுத்திக்கொண்டு எக்ஸ்ரே எடுத்தார். அதைப் பிரசுரித்ததும் சவர்ப்ரூக்கின் துறையில் அவருக்கு இடம் இல்லாமல் போனது. அவர் சிறுநீரகப் பாதை அறுவை மருத்துவராகச் சிற்றூர் ஒன்றில் காலம் தள்ளினார். 1956-ல் நோபல் பரிசு அவரைத் தேடி அங்கே போனது. அந்தப் பக்கம் சவர்ப்ரூக்கோ, எழுபதுகளில் மறதி நோய் முற்றியும் அறுவை மேசையை விடவில்லை. கீழே இருந்த யாருக்கும் சொல்லத் தைரியம் இல்லை. 1949-ல், 74 வயதில், அதிகாரிகள் வெளியே அனுப்பிய பிறகு வீட்டில் வைத்து அறுத்தார் என்பது இன்னும் மோசம். 25 வயதுக்காரரை ஒரு நாளில் வெளியே அனுப்ப முடிந்த அமைப்புக்கு 74 வயதுக்காரரை அனுப்ப வருடங்கள் ஆயின.

இன்றைக்கும் இது முழுக்கத் தீரவில்லை. யேல் நியூ ஹேவன் மருத்துவமனை 70 வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவாற்றல், கவனச் சோதனை வைத்தது. 141 பேரில் 18 பேருக்கு வேலையைப் பாதிக்கக்கூடிய குறை தெரிந்தது. அதே சோதனைக்காக 2020-ல் அமெரிக்க அரசின் வேலைவாய்ப்புச் சம வாய்ப்பு ஆணையம் அந்த மருத்துவமனை மேல் வயதுப் பாகுபாடு என்று வழக்குப் போட்டது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, நோயாளியாகப் படுத்திருந்தால் எனக்கு ஒரு பக்கம்தான் தெரியும். இந்திய மத்திய அரசு மருத்துவப் பணியில் ஒரு சின்ன இறங்கு படி இருக்கிறது: பணி 65 வரை, ஆனால் நிர்வாகப் பதவி 62-உடன் முடிகிறது; அதற்கு மேல் பழையபடி நோயாளி பார்க்கும் வேலை. இது எனக்குப் பிடித்த ஏற்பாடு.

துறை. உங்கள் கணக்கில் 42, 43 என்று வருவதைப் பார்த்தால் எட்டு வருடப் பயிற்சியை மனதில் வைத்திருக்கிறீர்கள். எட்டு வருடம் கேட்கும் துறையைத்தான் எடுக்க வேண்டும் என்று இல்லை. நரம்பியல் அறுவை, இதய அறுவை போன்றவற்றை நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். முடியாது என்பதால் இல்லை, கை முழுமையாகத் தேறவே கன்சல்டன்ட் ஆன பிறகும் ஐந்தாறு வருடம் ஆகும், உங்களுக்கு அந்த ஐந்தாறு வருடம் விலை அதிகம். மனநல மருத்துவம், முதியோர் மருத்துவம், வலி தணிப்புச் சிகிச்சை, குடும்ப மருத்துவம் ஆகியவற்றில் உங்கள் முந்தைய வேலையும் நரைத்த இரண்டு முடியும் முதல் நாளே வேலைக்கு வரும். சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸ், முதுகு வலியால் அதை விட்டு மருத்துவமனைச் சமூகப் பணியாளர். முப்பதைத் தாண்டி மருத்துவம் சேர்ந்து, 1957-ல் 39 வயதை ஒட்டி டாக்டர் ஆனார். பத்து வருடத்தில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தார். மரணப் படுக்கையில் இருப்பவர்களைக் கவனிக்கும் முறையே அதற்குப் பிறகு வேறு. அவர் நர்ஸாக இருந்த வருடங்களை வீண் என்று யாரும் சொல்ல முடியாது.

ரேடியாலஜி, நோய்க்குறியியல் இரண்டும் உடம்புக்கு இதமானவை, ஆனால் மனிதர்களோடு பேசுவது பிடித்தவர் என்றால் சலித்துவிடும். என் துறையைக் கேட்டால் ஒரு எச்சரிக்கை: மயக்க மருந்து, ஐசியு, அவசரப் பிரிவு, மகப்பேறு, இந்த நான்கிலும் இரவு ஓய்வு பெறும்வரை கூடவே வரும். 55 வயதில் பிரசவ அறையிலிருந்து மூன்று மணிக்குப் போன் வந்தால் நீங்கள்தான் எழ வேண்டும்.

அதனால் யாரிடமும் "இந்தத் துறை நல்லதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் தன் துறையைச் சொல்வார்கள். நீங்கள் யோசிக்கும் இரண்டு, மூன்று துறைகளின் அலுவலக வாசலுக்குப் போங்கள். அடுத்த மாத ரோஸ்டர் அங்கே சுவரில் ஒட்டியிருக்கும். நைட் கட்டத்தில் யார் யார் பெயர் இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். வார்டில் அவர்களைத் தேடிப் பிடித்து வயதைக் கேளுங்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள் இருந்தால், அவர்களில் ஒருவரை நைட் முடித்து வரும் காலையில் பாருங்கள், எட்டு மணிக்கு மேல், அவர் வீட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில்.